எட்டே முக்கால்

என் மகளுக்கு இரண்டு வயதும் இரண்டு மாதமும் ஆகியிருந்த ஜூன் முதல் வாரத்தில், ஒரு திங்கட்கிழமை இரவு, அவள் தூங்க மறுத்தாள். ‘மறுத்தாள்’ என்ற சொல்லே பிழையானது என்று பின்னால் புரிந்துகொண்டேன். ஆனால் அன்றைக்கு என் கண்ணுக்கு அது மறுப்பாகத்தான் தெரிந்தது. அதற்கு முந்தைய ஏழெட்டு மாதங்களாக எங்கள் வீட்டில் இரவு என்பது கடிகாரம் பார்த்து நடக்கும் காரியமாக இருந்தது. ஏழே முக்காலுக்கு ரசம் சோறு, எட்டேகாலுக்கு உடம்பைத் துடைத்து உடை மாற்றுதல், எட்டரைக்குப் பால், பிறகு காக்காய்க் கதையோ யானைக் கதையோ ஒன்று, எட்டே முக்காலுக்கு விளக்கணைப்பு. ஒன்பது அடிப்பதற்குள் மூச்சு சீராகிவிடும். அந்தப் பதினைந்து நிமிடத்தை நம்பித்தான் மிச்ச இரவு முழுவதையும் நான் கட்டி வைத்திருந்தேன். கணவரும் நானும் உட்கார்ந்து சாப்பிடுவது, பாத்திரம் கழுவுவது, மறுநாளைக்குக் காய் நறுக்கி வைப்பது, மாதத்தின் முதல் இருபது நாட்களில் ஜிஎஸ்டி தாக்கல் வேலை மிஞ்சியிருந்தால் மடிக்கணினியைத் திறப்பது எல்லாமே அதற்குப் பிறகுதான். கோவையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவள் நான். நேரத்தையும் தொகையைப் போலவே கட்டம் போட்டு வைத்துப் பழகிவிட்டவள்.

அன்று விளக்கை அணைத்ததும் அவள் எழுந்து உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன். ஒன்றுக்கு வருகிறது என்றாள். கூட்டிப் போனேன், வரவில்லை. யானை எங்கே போச்சு என்று கேட்டாள். வீட்டுக்குப் போய்விட்டது என்றேன். யானை வீடு எங்கே என்று கேட்டாள். அதன் பிறகு என் வயிற்றின் மேல் ஏறிக் குதிரை ஓட்டினாள். நான் தூங்குவதுபோல நடித்தபோது, இரண்டு விரல்களால் என் இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, “அம்மா, கண்ணு தெற” என்றாள். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை, சோர்வு என்பதே அவள் முகத்தில் இல்லை. காலை பத்து மணிக்கு விளையாடும் குழந்தையை யாரோ தூக்கிக்கொண்டு வந்து இருட்டில் போட்டதுபோல இருந்தது. அவள் தூங்கியபோது மணி பத்தே முக்காலைத் தாண்டியிருந்தது. ஏதோ ஒரு நாள் என்று விட்டுவிட்டோம். செவ்வாய்க்கிழமையும் அப்படியே ஆயிற்று. புதன்கிழமை பதினொன்று.

ஒரு வாரத்துக்குள் எங்கள் கைவசம் இருந்த வித்தைகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. ஒரு கதை மூன்று கதையாயிற்று. முதுகைத் தட்டிக்கொடுப்பது, காலை நீவிவிடுவது, தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடப்பது என்று வரிசையாக எல்லாவற்றையும் செய்தோம். தாலாட்டு என்ற சொல்லில் இருக்கும் ‘தால்’ என்பது நாவைக் குறிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். நாற்பது நிமிடம் பாடி நாக்கு வறண்டு போன அந்த வாரத்தில்தான் அந்தச் சொற்பொருள் எனக்கு உடம்பில் உறைத்தது. ஒன்றரை வயது வரைக்கும் அவள் தூளியில்தான் தூங்கினாள் என்பதால், கழற்றி வைத்த கொக்கியை மறுபடியும் மாட்டி என் அம்மாவின் பழைய வாயில் புடவையில் தூளி கட்டிப் பார்த்தோம். அவள் அதில் வயிற்றை வைத்துக் குப்புறத் தொங்கிக்கொண்டு ஊஞ்சல் ஆடினாள். ஆட்டினால் தூக்கம் விரைவாக வரும் என்பது பாட்டிமார் சொன்னது மட்டுமில்லை. ஜெனீவா பல்கலைக்கழகத்தினர் 2011இல், மெல்ல ஆடும் கட்டிலில் பெரியவர்களைப் பகலில் தூங்க வைத்து, அவர்கள் ஆடாத கட்டிலில் தூங்குவதைவிட விரைவாகத் தூங்கினார்கள் என்று பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் கண்ணைச் சுழற்றிக்கொண்டு வரும் தூக்கத்தைத்தான் தூளி வேகப்படுத்தும். வராத தூக்கத்தை அது கொண்டுவந்து கொடுக்காது என்பதை எங்கள் வீட்டுத் தூளி எங்களுக்குக் காட்டிவிட்டது.

இந்த இடத்தில் எனக்குப் பெருமை தராத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒன்பதாவது இரவு, மறுநாளைக்கு முடித்தாக வேண்டிய வேலை கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தபோது, பத்தரை மணிக்கு அவள் நான்காவது தடவையாகத் தண்ணீர் கேட்டாள். நான் கத்திவிட்டேன். அவள் திடுக்கிட்டுப் படுத்து, முகம் முழுவதும் சுருங்கும்படி கண்ணை இறுக மூடிக்கொண்டு, “அம்மா, பாப்பா தூங்குது” என்றாள். மூடிய இமைகள் துடித்துக்கொண்டிருந்தன. அந்தக் குழந்தை தூங்க முயல்கிறது, அதனால் முடியவில்லை என்பது அந்த நொடியில்தான் என் புத்திக்கு எட்டியது. முடியாத ஒன்றைச் செய்யச் சொல்லி ஒன்றே முக்கால் மணி நேரமாக இருட்டில் அவளை வைத்திருந்தேன் என்பதும்தான்.

யோசனை சொல்வதற்கு ஆட்கள் குறைவில்லை. உறவினர்களின் வாட்ஸாப் குழுவில் ஒருவர் பாலில் கசகசா அரைத்துக் கலந்து கொடுக்கச் சொன்னார். இன்னொருவர் வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவச் சொன்னார். தெரிந்த ஒருவர், சளி மருந்தில் ஒரு சின்ன மூடி கொடுத்தால் ஐந்தே நிமிடத்தில் அசந்துவிடும் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். மூன்றையும் செய்யவில்லை. கசகசா அபினிச் செடியின் விதை. சரியாகக் கழுவப்படாத விதையில் அந்தச் செடிப்பாலின் எச்சம் ஒட்டியிருக்கக்கூடும் என்பதால், குழந்தையைத் தூங்க வைக்க அதைக் கொடுப்பது ஆபத்தான விளையாட்டு. சளி மருந்து விஷயத்தில், குளோர்ஃபெனிரமினும் ஃபீனைலெஃப்ரினும் சேர்ந்த கலவை மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகமே 2023 டிசம்பரில் அறிவுறுத்தியிருக்கிறது. மயக்கமும் தூக்கமும் ஒன்றில்லை என்று அந்தத் தெரிந்தவரிடம் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

இணையத்தில் தேடினால் ‘ஸ்லீப் ரெக்ரஷன்’, அதாவது தூக்கப் பின்னடைவு, என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறார்கள். நான்கு மாதத்தில் ஒன்று, எட்டு மாதத்தில் ஒன்று, ஒன்றரை வயதில் ஒன்று, இரண்டு வயதில் ஒன்று என்று பஞ்சாங்கம்போல அட்டவணையும் இருக்கிறது. அது மருத்துவர்கள் இடும் நோய்ப்பெயர் அன்று. பெற்றோரிடையே புழங்கும் பேச்சு. அந்தச் சொல் எனக்கு இரண்டு நாள் ஆறுதலாக இருந்தது, மூன்றாம் நாள் எரிச்சலூட்டியது. பெயர் வைத்ததால் காரணம் தெரிந்துவிட்டது என்ற மயக்கத்தை அது தந்துவிடுகிறது. காரணத்தைத் தேடும் வேலை அத்தோடு நின்றுவிடுகிறது.

குழந்தை மருத்துவரிடம் போனோம். அவர் கேட்ட கேள்விகள் எனக்குப் பிடித்திருந்தன, ஏனென்றால் ஒவ்வொன்றும் ஒரு கதவைச் சாத்துவதற்காகக் கேட்கப்பட்டது. குறட்டை விடுகிறாளா, வாயைத் திறந்து மூச்சு விடுகிறாளா என்று கேட்டார். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையோ தொண்டையில் இருக்கும் டான்சிலோ வீங்கியிருக்கலாம் என்பதற்காக. இரவில் ஆசனவாயைச் சொறிகிறாளா என்று கேட்டார். கீரிப்பூச்சி இரவில்தான் வெளியே வந்து முட்டையிடும். காலை உதறிக்கொண்டே இருக்கிறாளா என்றும் கேட்டார். இரும்புச்சத்துக் குறைந்தால் கால்கள் அமைதியாக இருக்காது. இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67.1 விழுக்காட்டினருக்கும் தமிழ்நாட்டில் 57.4 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆகவே அது வெறும் சம்பிரதாயக் கேள்வி இல்லை. காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். ஈற்றைத் தடவிப் பார்த்து, கடைசிக் கடைவாய்ப் பற்கள் முளைக்கும் வயதுதான், ஆனால் இன்னும் வீக்கம் ஒன்றும் இல்லை என்றார். எல்லாம் சரியாக இருந்தது. கிளம்பும்போது, “பகல்ல எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு எந்திரிக்கறா?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அலுவலகத்தில் இருக்கும் நேரத்தில் நடக்கும் காரியம் அது. ஒரு வாரம் எழுதி வைத்துக்கொண்டு வாருங்கள் என்றார்.

எழுதி வைப்பது எனக்குப் பிடித்த வேலை. பழைய நீள்வாட்டுக் கணக்கு நோட்டு ஒன்றில் பத்தி பிரித்தேன்: காலையில் எழுந்த நேரம், பகல் தூக்கம் தொடக்கம், முடிவு, மாலையில் சாப்பிட்டது, படுக்க வைத்த நேரம், தூங்கிய நேரம். பகல் பத்திகளை நிரப்ப வேண்டியவர் என் அம்மா. மகளைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, தன் மகளின் பிரசவத்துக்காக மே மாதக் கடைசியில் ஊருக்குப் போய்விட்டதால், கோபிச்செட்டிபாளையத்திலிருந்து அம்மாதான் வந்து இருந்தார். அம்மாவுக்கு இந்த நோட்டு வேடிக்கையாக இருந்தது. “புள்ள தூங்கறதுக்கெல்லாம் கணக்குப் புஸ்தகமா? உன்னைய நானு எந்த நோட்டுல எழுதி வளத்துனேன்?” என்று சொல்லிக்கொண்டேதான் எழுதினார்.

அந்த வாரத்தின் வியாழக்கிழமை அம்மா திருஷ்டி சுற்றிப் போட்டார். கல் உப்பு, காய்ந்த மிளகாய், தெருமண். நெடியே வரவில்லை, பாத்தியா எத்தனை கண்ணு என்றார். அன்றிரவு மகள் 9.20க்கே தூங்கிவிட்டாள். அம்மாவின் முகத்தில் இருந்த வெற்றியைப் பார்த்து நானும் கணவரும் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் இரவு மறுபடியும் பதினொன்றை நெருங்கியபோது, வெள்ளிக்கிழமையும் சுற்றியிருக்க வேண்டும் என்று அம்மா வருந்தினார். ஆனால் நோட்டில் வியாழக்கிழமை வரிசையில் வேறொன்றும் இருந்தது. அன்று மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணி முதல் மின்சாரம் இல்லை. மின்விசிறி ஓடாத அறையில் பகல் இரண்டேகாலுக்குத் தூங்கிய குழந்தை, வேர்த்து விறுவிறுத்து 3.10க்கே எழுந்துவிட்டது. மற்ற எல்லா நாட்களிலும் அந்தப் பத்தியில் 4.40, 4.45, 4.50 என்று இருந்தது.

கணக்குப் பார்க்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இரண்டு பத்திகள் ஒரே தொலைவில் சேர்ந்து நகர்ந்தால் கண் அங்கே நின்றுவிடும். பகல் தூக்கம் முடிந்த நேரத்தையும் இரவில் தூங்கிய நேரத்தையும் கழித்துப் பார்த்தேன். 4.45க்கு எழுந்த நாளில் 10.50. 4.40க்கு எழுந்த நாளில் 10.40. மின்தடை நாளில் 3.10க்கு எழுந்து 9.20. ஏறக்குறைய ஆறு மணி நேரம். எங்கள் பிரச்சினை இரவு எட்டே முக்காலுக்குத் தொடங்கவில்லை, மாலை நாலே முக்காலுக்குத் தொடங்கியது. நாங்கள் இவ்வளவு நாளாகத் தவறான பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தோம்.

இன்னொன்றும் தெரிந்தது. முன்பெல்லாம் அவள் பன்னிரண்டரைக்குத் தூங்கி இரண்டரைக்கு எழுவாள், இரவு ஒன்பதுக்குத் தூங்கிக் காலை ஆறரைக்கு எழுவாள். மொத்தம் பதினொன்றரை மணி நேரம். இப்போது பகலில் இரண்டரை மணி நேரம், இரவு பத்தே முக்காலிலிருந்து காலை ஏழே கால் வரை எட்டரை மணி நேரம், மொத்தம் பதினொன்று. தூக்கத்தில் பெரிய குறைவே இல்லை. தொகை ஏறக்குறைய அப்படியே இருக்க, அது வேறு தலைப்பின்கீழ் எழுதப்பட்டிருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் என்று சொல்லியிருக்கிறார்கள். நடுவில் மூன்று மணி நேர இடைவெளி இருப்பதை நாம் கவனிப்பதில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை பதிமூன்று மணி நேரம் தூங்குகிறது என்று கேட்டால், நம் குழந்தைக்கு இரண்டு மணி நேரம் கடன் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம்.

தூக்கத்தின் இயக்கத்தை விளக்குவதற்கு, சூரிச்சில் பணியாற்றிய அலெக்சாண்டர் போர்பெலி 1982இல் முன்வைத்த மாதிரியைத்தான் இன்றும் அடிப்படையாகச் சொல்கிறார்கள். அதன்படி தூக்கத்தை இரண்டு காரியங்கள் சேர்ந்து நடத்துகின்றன. ஒன்று, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உள்ளே சேர்ந்துகொண்டே போகும் தூக்க அழுத்தம். மூளையில் சேரும் அடினோசின் என்ற பொருளுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. நாம் குடிக்கும் காப்பி வேலை செய்வது அந்த அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தைத் தான் பிடித்துக்கொள்வதால்தான். தூங்கினால் அந்த அழுத்தம் வடியும். குழந்தைகளுக்கு அது பெரியவர்களைவிட வேகமாக நிரம்பும், அதனால்தான் அவர்களுக்குப் பகலிலும் ஒருமுறை வடிய வேண்டியிருக்கிறது. மற்றொன்று, வெளிச்சத்தையும் இருட்டையும் பார்த்து ஓடும் உள்கடிகாரம். இவ்வளவும் எங்கோ படித்ததாக நினைவிருந்தது. எனக்குப் புதிதாக இருந்தது அந்தக் கடிகாரம் செய்யும் ஒரு குறும்பு. சேர்ந்துவிட்ட அழுத்தம் நம்மைச் சாயங்காலமே சாய்த்துவிடாமல் இருக்க, வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்குச் சற்று முந்தைய இரண்டொரு மணி நேரத்தில் அது விழிப்பை உச்சத்துக்குக் கொண்டுபோகிறது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பெரெட்ஸ் லாவி என்ற ஆய்வாளர் 1986இல் அந்த நேரத்துக்குத் தூக்கத்தின் தடை வேளை என்ற பொருளில் பெயர் வைத்தார். தூக்கமே இல்லாமல் வைத்திருந்த ஆட்கள்கூட அந்த நேரத்தில் படுக்கச் சொன்னால் எளிதில் தூங்க முடியாமல் விழித்திருந்தார்கள்.

என் மகளின் வழக்கமான தூக்க நேரம் பத்தே முக்காலுக்கு நகர்ந்துவிட்ட பிறகு, அவளை நான் எட்டே முக்காலுக்கு இருட்டறையில் படுக்க வைத்துக்கொண்டிருந்தேன். சரியாக அந்தத் தடை வேளையில். விளக்கணைந்ததும் அவள் குதிரை ஓட்டியதற்கு அடமும் செல்லமும் காரணம் இல்லை. 2013இல் கொலராடோ பல்கலைக்கழகத்தினர் இரண்டரை முதல் மூன்று வயதுக் குழந்தைகளின் உமிழ்நீரில், இருட்டியதும் சுரந்து உடம்பைத் தூக்கத்துக்குத் தயார் செய்யும் மெலடோனின் என்ற சுரப்பு எப்போது ஏறத் தொடங்குகிறது என்று வீடுகளுக்கே போய் அளந்தார்கள். சராசரியாக மாலை 7.40. ஆனால் குழந்தைக்குக் குழந்தை அது வெகுவாக மாறியது. அந்த ஏற்றம் நிகழ்வதற்கு நெருக்கமாகவோ அதற்கு முன்போ படுக்க வைக்கப்பட்ட குழந்தைகள்தாம் அதிக நேரம் தூங்காமல் புரண்டார்கள், அழைத்தார்கள், எழுந்து வந்தார்கள். எண்ணிக்கையில் சிறிய ஆய்வுதான், பதினான்கு குழந்தைகள். ஆயினும் படுக்கைநேரப் போராட்டத்தைக் குழந்தையின் குணத்தில் தேடாமல் அதன் உமிழ்நீரில் தேடியதற்காகவே அது எனக்குப் பிடித்திருக்கிறது.

காரணம் தெரிந்துவிட்டது, அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அடுத்த பிரச்சினை. முன்பு இருந்த அக்கா பன்னிரண்டு மணிக்குச் சோறூட்டி உடனே படுக்க வைத்துவிடுவார். அம்மா வந்ததும் வேறு ஒழுங்கு வந்தது. காலையில் நிதானமாக எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, பருப்புச் சோறு பிசைந்து வாசலில் காக்காய் காட்டி ஊட்டி, தம் வேலைகளை முடித்து, இரண்டு மணிக்குத் தொடர் பார்க்கப் படுக்கும்போது பேத்தியையும் பக்கத்தில் போட்டுக்கொள்வார். தொடர் ஓடும், இருவரும் தூங்குவார்கள். பன்னிரண்டரையிலிருந்து இரண்டேகாலுக்கு அந்தத் தூக்கம் ஒரே நாளில் நகரவில்லை. பத்துப் பத்து நிமிடமாகப் பத்து நாளில் நகர்ந்திருக்க வேண்டும். கரையை முட்டிய அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது, அதனால் திடீரென்று வந்ததுபோல இருந்தது. இதில் அம்மாவின் தவறு என்று ஒன்றுமில்லை. அறுபத்து நான்கு வயதில் ஊரையும் மாட்டையும் விட்டுவிட்டு வந்து என் குழந்தையைப் பார்த்துக்கொள்பவரிடம், நீங்கள் தூங்க வைப்பதால்தான் இவள் தூங்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

மூன்று மணிக்கு எழுப்பிவிட முடியுமா அம்மா என்று மட்டும் கேட்டேன். அம்மா கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டார். “தூங்கற புள்ளைய எழுப்பறதா? தூங்கற புள்ளைய எழுப்புனா பாவம் கண்ணு. உங்கப்பாரு உன்னைய எழுப்பச் சொன்னாக்கூட நான் எழுப்புனதில்ல.” நோட்டைக் காட்டினேன். கழித்தல் கணக்கைக் காட்டினேன். அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர், பால் சொசைட்டிக் கணக்கை முப்பது வருடம் மனத்திலேயே போட்டவர். விரலை வைத்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய், வியாழக்கிழமையில் நின்றார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அப்ப திருஷ்டி சுத்துனதால இல்லீங்கறே” என்றார். இல்லை என்று நான் சொல்லவில்லை. எழுப்பினால் அழுவாளே என்றார். அழுவாள் என்றேன். அந்த அழுகையை மத்தியானம் மூன்று மணிக்கு நீங்கள் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ராத்திரி பத்து மணிக்கு நான் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றேன். சொன்ன பிறகு அது கொஞ்சம் கடுமையாகப் பட்டது.

பகல் தூக்கத்தை மொத்தமாக நிறுத்திவிட்டால் என்ன என்று கணவர் கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்தில் அது தானாகவே நடந்தது. மேளச் சத்தத்தில் பகல் முழுவதும் தூங்காத பெண், மாலை ஆறு மணிக்கு இட்லித் தட்டைத் தள்ளிவிட்டுத் தரையில் விழுந்து முக்கால் மணி நேரம் அழுதாள்; ஏழே காலுக்கு அழுதுகொண்டே தூங்கி, நள்ளிரவில் இருமுறை அலறி எழுந்து, ஐந்து மணிக்குக் கண்ணை முழித்துக்கொண்டாள். பெரும்பாலான குழந்தைகள் மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில்தான் பகல் தூக்கத்தை விடுகிறார்கள். இரண்டு வயதில் அதைப் பறிப்பது எங்கள் வீட்டுக்கு ஒத்துவரவில்லை.

கூடவே சில சில்லறைக் காரணங்களும் அகப்பட்டன. மாலையில் சாப்பிட்டது என்ற பத்தியில் “வர்க்கி” என்று பல நாள் இருந்தது. எதில் தொட்டு என்று கேட்டபோது, டீயில் என்றார் அம்மா, இரண்டே வாய்தானாம். அதை நிறுத்தினோம். அடுத்தது வெளிச்சம். படுக்கையறையில் நாங்கள் மாட்டியிருந்த வெள்ளை எல்இடி குழல்விளக்கு, கதை முடியும் வரைக்கும் முழுப் பிரகாசத்தில் எரிந்துகொண்டிருக்கும். அதே கொலராடோ குழுவினர் 2018இல் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் பத்துப் பேரைப் படுக்கைக்கு முந்தைய ஒரு மணி நேரம் பிரகாசமான வெளிச்சத்தில் விளையாட விட்டபோது, மெலடோனின் சராசரியாக 88 விழுக்காடு குறைந்தது. விளக்கை அணைத்து 50 நிமிடம் ஆன பிறகும் பெரும்பாலான குழந்தைகளிடம் அது வழக்கமான அளவில் பாதியைக்கூட எட்டவில்லை. குழந்தைகளின் கண்பாவை பெரியது, கண்ணின் வில்லை தெளிவானது. நமக்குச் சாதாரணமாகத் தெரியும் வெளிச்சம் அவர்களுக்குள் அதிகமாக இறங்குகிறது. ஜூன் மாதத்தில் கோவையில் ஆறே முக்காலுக்கு மேல்தான் சூரியன் மறைகிறது, ஏழு மணிக்கும் வெளுப்பு இருக்கும். அதற்குப் பிறகாவது வீடு இருட்டத் தொடங்கட்டும் என்று, எட்டு மணிக்குக் குழல்விளக்கை அணைத்துவிட்டு, பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த மஞ்சள் விளக்கை மட்டும் எரிய விட்டோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் மாதம் என்பதால் ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும், அறை குளிர்ந்துவிடும்.

மூன்றாவது காரணத்தைக் கண்டுபிடித்தவர் கணவர். தண்ணீர் கேட்பதற்கும் யானை வீட்டைக் கேட்பதற்கும் நடுவில் அவள் ஒவ்வொரு நாளும் அலமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு என்னை ஒட்டிக்கொள்வதை அவர்தான் கவனித்தார். என்ன அங்கே என்று கேட்டதற்கு, “பூச்சாண்டி சட்டை போட்டிருக்கு” என்றாள். கதவில் தொங்கிய அவருடைய சட்டைதான். சோறு வாங்காதபோது பூச்சாண்டியை அழைத்தவர் யார் என்று நாங்கள் விசாரிக்கவில்லை. நானும் ஒருமுறை அழைத்திருக்கிறேன். ஒரு வயதில் பூச்சாண்டி வெறும் ஓசை. இரண்டு வயதில் குழந்தைக்குக் கற்பனை திறந்துகொள்கிறது. ஆள் இல்லாத இடத்தில் ஆளை நிறுத்திப் பார்க்க அதற்கு முடிகிறது. பகலில் அந்தத் திறமையால் கொட்டாங்குச்சியில் சாம்பார் வைக்கிறாள், இரவில் அதே திறமையால் சட்டைக்குள் பூச்சாண்டியை வைக்கிறாள். சட்டைகள் வேறு அறைக்குப் போயின. அன்று முதல் எங்கள் வீட்டில் பூச்சாண்டிக்கு வேலையில்லை.

பிறகு செய்ததெல்லாம் மெதுவான காரியம். முதல் மூன்று நாள் எட்டே முக்காலைக் கைவிட்டு, அவளுக்கு உண்மையாகவே கண் சொக்கும் பத்தரை மணி வரைக்கும் படுக்கைக்கே அழைத்துப் போகவில்லை. மங்கலான கூடத்தில் எங்களோடு இருந்தாள், நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு அப்பளம் தின்றாள். பத்தரைக்குப் படுக்க வைத்தால் பத்து நிமிடத்தில் தூங்கினாள். படுக்கை என்றால் போராட்டம் என்று அவள் உடம்பு படித்து வைத்திருந்த பாடம் அப்படித்தான் மறக்கத் தொடங்கியது என்று நினைக்கிறேன். என் உடம்பும்தான் அதைப் படித்து வைத்திருந்தது. இரவு எவ்வளவு தாமதமாகத் தூங்கியிருந்தாலும் காலை ஆறரைக்கு ஜன்னல் திரையை விலக்கி எழுப்பினோம். பகல் தூக்கத்தை நாளுக்குக் கொஞ்சமாக முன்னுக்கு இழுத்துப் பன்னிரண்டே முக்காலுக்குக் கொண்டுவந்தார் அம்மா. தொடரை மறுஒளிபரப்பில் பார்த்துக்கொண்டார். மூன்று மணிக்கு எழுப்புவது முதல் வாரம் பெரும்பாடு. அம்மா எழுப்ப மனமில்லாமல், பக்கத்தில் பாத்திரத்தை வேண்டுமென்றே கீழே போடுவாராம். இரவில் படுக்கும் நேரத்தை இரண்டு நாளுக்கொருமுறை கால் மணி நேரம் முன்னே நகர்த்தினோம். நடுவில் இரண்டு நாள் சளி பிடித்து எல்லாம் குலைந்தது. மொத்தம் பதினேழு நாள் ஆயிற்று.

பதினேழாம் நாள் அவள் தூங்கிய நேரம் 9.15. அதற்கு மேல் முன்னே நகரவில்லை. எட்டே முக்காலுக்குப் படுக்க வைத்துப் பார்த்தேன். மறுபடியும் யானை வீட்டைத் தேடத் தொடங்கினாள். குழந்தை வளர்ந்திருக்கிறது, அவளுக்கு வேண்டிய தூக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்பதை அந்த அரை மணி நேரம் எனக்குச் சொல்லியது. உண்மையில் எட்டே முக்கால் என்பது யாருடைய நேரம் என்று யோசித்தேன். குழந்தைத் தூக்கத்தைப் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றில் ஏழரை என்று படித்து, நம் ஊருக்கு ஒன்றேகால் மணி நேரம் சலுகை கொடுத்து நானே போட்டுக்கொண்ட எண் அது. பதினேழு நாடுகளிலும் பகுதிகளிலும் மூன்று வயதுக்குட்பட்ட 29,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 2010இல் வந்தது; நியூசிலாந்துக் குழந்தைகள் சராசரியாக ஏழரைக்கே படுக்க, ஹாங்காங் குழந்தைகள் பத்தேகாலுக்கு மேல்தான் படுக்கிறார்கள். இந்த எண்களில் குழந்தையின் உடம்பு கொஞ்சம் இருக்கிறது; வீட்டுப் பெரியவர்கள் எத்தனை மணிக்கு வேலையிலிருந்து திரும்புகிறார்கள் என்பதும் நிறைய இருக்கிறது. எட்டே முக்கால் எனக்குத் தேவைப்பட்டது. தனியாக உட்கார்ந்து சாப்பிட, கணக்கை முடிக்க, ஒன்றும் செய்யாமல் பத்து நிமிடம் இருக்க. அந்தத் தேவை நியாயமானதுதான், அதற்காக நான் வெட்கப்படவில்லை. ஆனால் அதை அவளுடைய உடல்நலம் என்ற பெயரில் எழுதி வைத்திருந்தேன்.

இப்போது இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்கே மூவருமாகச் சாப்பிட்டுவிடுகிறோம். காய் நறுக்குவதைக் காலைக்கு மாற்றிவிட்டோம். தாக்கல் வேலை இருக்கும் நாட்களில் கணவர் கதை சொல்கிறார். அவருடைய யானை ஊட்டிக்கு ரயிலில் போகிறது.

நோட்டை ஆகஸ்டு முதல் வாரத்தோடு நிறுத்திவிட்டேன். கடைசிப் பக்கத்தில் 3ஆம் தேதி வரிசையில் நான் எழுதியது 9.10 என்ற எண் மட்டும். அதற்குப் பக்கத்தில் பகல் பத்தியில் இடம் போதாமல் ஓரத்தில் இறங்கி வந்திருக்கும் அம்மாவின் கையெழுத்தில், “3.05 எழுப்பியது. பத்து நிமிசம் அழுதது. கொய்யாப்பழம் குடுத்தேன். சரியாயிருச்சு” என்று இருக்கிறது.